பிடுங்குவதா, கிள்ளிக் காப்பதா? வீட்டுக் கஞ்சாச் செடி இருபாலாக மாறும்போது

சென்ற செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிராம்ப்டனில் இருக்கும் நண்பரின் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். தண்டும் இலைக்காம்பும் சேரும் மூலையில், கொத்தமல்லி விதை அளவில் பச்சை உருண்டை ஒன்று. அதே கிளையில் ஒரு விரற்கடை மேலே இரண்டு வெள்ளை முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் அழைத்தேன்.

"அண்ணா, இது ஆணா, பெண்ணா?"

"உருண்டைக்குக் காம்பு இருக்கிறதா?"

"இருக்கிறது. ஆனால் மேலே வெள்ளை முடியும் இருக்கிறதே."

"அப்படியானால் இரண்டும்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிடுங்கிவிடவா?" என்றான். நான்கு மாதம் தண்ணீர் ஊற்றியவன் கேட்கிற கேள்வி அது. குரலிலேயே தெரிந்தது, வேண்டாம் என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறான் என்று.

பிடுங்கலாம். ஆண் மொட்டுகளை, அதாவது மகரந்தப் பைகளை, மட்டும் கிள்ளிக் கிள்ளிக் காக்கலாம். தனியே ஒதுக்கி வைக்கலாம். முன்கூட்டியே அறுக்கலாம். விதை வந்தால் வரட்டும் என்று விட்டும் விடலாம். இந்த ஐந்தில் நான்கை நான் என் பேஸ்மென்டில் விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் கூடாரத்தில் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்தாவது என்னைக் கேட்காமல் தானாக நடந்தது.

இது கனடாவில் நடக்கும் கதை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஒன்டாரியோவில் 19 வயது நிறைந்தவர் வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தாலும் நான்குதான். கியூபெக்கில் வீட்டு வளர்ப்புக்குத் தடை. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து படிப்பவர்களுக்கு இது வாசிப்பதற்கு மட்டும். அங்கே வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம்.

நான்கு என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் கணக்கெல்லாம் அதைச் சுற்றித்தான். ஒரு செடியைப் பிடுங்கினால் கால்வாசி விளைச்சல் போகிறது. பிடுங்காமல் விட்டு அதன் பைகள் வெடித்து மகரந்தம் பரவினால் மற்ற மூன்றும், அதாவது முக்கால்வாசி, கெட்டுப்போகலாம்.

பனையும் பப்பாசியும்

ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. ஆண் பனையில் நுங்கு தேடி யாரும் ஏறுவதில்லை. பப்பாசியில் மூன்று வகை உண்டு: ஆண், பெண், இரண்டும் கலந்தது. நீளமாகக் காய்க்கும் பப்பாசி பெரும்பாலும் இருபால் மரத்துடையது. சதை தடிப்பாக இருக்கும், சந்தையிலும் அதற்குத்தான் மதிப்பு. அங்கே இருபால் என்றால் வரம். கஞ்சாவில் அதே குணம் தலைவலியாகிறது.

காரணம், நாம் எதை அறுவடை செய்கிறோம் என்பதில் இருக்கிறது. பப்பாசியில் நமக்கு வேண்டியது காய். கஞ்சாவில் வேண்டியது கருவுறாத பெண் பூ. கஞ்சா இயல்பில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறாக வளரும் இனம். மகரந்தம் கிடைக்காத பெண் பூ மேலும் மேலும் பூத்துக்கொண்டே போகும். அந்தப் பூவின் உறைகளில்தான் பிசின் திரளும். மகரந்தம் விழுந்துவிட்டால் செடியின் கவனம் விதைக்குத் திரும்பிவிடுகிறது. பிசின் குறையும், எடையில் பெரும்பங்கு விதையாகிவிடும். வட அமெரிக்காவில் விதையில்லாப் பூவுக்கு 'சின்செமியா' என்ற ஸ்பானியச் சொல் நிலைத்துப்போனது இதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தின் நவகாவ் வட்டாரத்தில், இன்றைக்கு அது வங்கதேசம், கஞ்சா பயிரிட்ட உழவர்கள் ஆண் செடிகளைக் கண்டு வெட்டி அகற்றுவதற்கென்றே அனுபவசாலிகளைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1893-94இல் விசாரித்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் அறிக்கையில் இவர்களைக் 'கஞ்சா டாக்டர்' என்றே குறித்திருக்கிறார்கள். வயலில் வரிசை வரிசையாக நடந்து ஆண் செடிகளை ஒழித்துக்கட்டுவது அவர்கள் வேலை. நம்மிடம் நான்கு செடிகள்தான் இருக்கின்றன. ஆகவே அந்த டாக்டர் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், அது இருபால்தானா?

புதிதாக வளர்ப்பவர்கள் பிடுங்கி எறியும் செடிகளில் சில, குற்றமே செய்யாத பெண் செடிகள். ஆகவே இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பார்க்க வேண்டிய இடம் கணு. கிளையும் தண்டும் பிரியும் மூலையில், விதை முளைத்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், ஆணா பெண்ணா என்று காட்டும் முதல் குட்டிப் பூவான முன்பூ எட்டிப்பார்க்கும். அதற்குப் பக்கத்திலேயே கூர்மையாக ஒரு சின்னச் செதில் இருக்கும். அது எல்லாச் செடியிலும் உண்டு. அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பெண் முன்பூ கண்ணீர்த்துளி வடிவம். அடி அகன்று, நுனி குறுகி, நுனியிலிருந்து இரண்டு வெள்ளை முடிகள். காம்பு இருப்பதாகவே தெரியாது, கணுவோடு ஒட்டியிருக்கும். ஆண் மொட்டு உருண்டை, வழவழப்பு, முடி கிடையாது. குட்டிக் காம்பில் தொங்கும், விரைவில் ஒன்று இரண்டாகி, இரண்டு கொத்தாகிவிடும். சீட்டுக்கட்டில் வரும் ஸ்பேட் வடிவம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு என்னவோ வேப்பம் மொட்டுக் கொத்துதான் நினைவுக்கு வருகிறது.

ஏமாற்றுவது எது என்றால், பூக்காலத்தின் பின்பாதியில் உப்பிக்கொள்ளும் பெண் உறை. முடி பழுப்பாகிச் சுருங்கி உள்ளே போயிருக்கும். உறை மட்டும் உருண்டு நிற்கும். கைப்பேசிப் படத்தில் பார்த்தால் அச்சு அசலாக ஆண் பை. ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் சண்டை தீர்ந்துவிடும். உப்பிய உறையின் மேல் பனித்துளி போலப் பிசின் தலைகள் நிறைந்திருக்கும், நுனியில் காய்ந்த முடியின் அடிக்கட்டையாவது தெரியும். ஆண் பையின் தோல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். இன்னும் சந்தேகமா? ஒரே ஒரு உருண்டையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்து ஊசியால் கீறுங்கள். உள்ளே ஐந்து மஞ்சள் பச்சை மகரந்தக் குழல்கள் ஆரஞ்சுச் சுளைபோல அடுக்கியிருந்தால் ஆண். வெண்மையான ஒரு சின்னக் கரு மட்டும் இருந்தால் அது பெண் பூ.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது. பூக்கொத்தின் நடுவிலிருந்து, பை எதுவும் இல்லாமல், எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் வளைந்த குச்சி ஒன்று நீட்டும். வளர்ப்பவர்கள் இதை வாழைப்பழம் என்கிறார்கள். பெயர் பொருத்தம்தான், ஒரு அரிசி நீளத்துக்குச் சுருக்கிய வாழைப்பழச் சீப்பு.

பைக்கும் வாழைப்பழத்துக்கும் உள்ள வேறுபாடுதான் முடிவையே நிர்ணயிக்கிறது. பை என்பது மூடிய பெட்டி. மூடியிருக்கும் வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. இரண்டு நாள் பொறுத்து, மீண்டும் பார்த்து, உறுதி செய்துகொள்ளலாம். வாழைப்பழம் பெட்டியில்லாத மகரந்தக் குழல். வெளியே தெரிந்த அன்றைக்கே தூவத் தொடங்கலாம். அங்கே இரண்டு நாள் பொறுமை என்பது சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர்.

ஏன் வருகிறது என்பதும் தீர்ப்பில் சேர வேண்டும்

இருபால் குணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று பரம்பரை. சில வகைகளின் இரத்தத்திலேயே அது இருக்கிறது. எவ்வளவு தாங்கினாலும் காட்டிவிடும். மற்றது நாம் கொடுக்கும் தொல்லை: இருட்டில் ஒளி புகுவது, வெப்பம், விளக்கைத் தலைக்கு மிக அருகில் தொங்கவிடுவது, பூக்காலத்தில் கிளைகளை வெட்டித் தள்ளுவது, அறுக்க வேண்டிய நாளைத் தாண்டியும் விட்டுவைப்பது. கடைசியாகச் சொன்னதில் செடியின் நியாயம் எனக்குப் புரிகிறது. காத்துக் காத்துப் பார்த்து, மகரந்தம் வராது என்று ஆனதும், தானே தனக்கு ஆணாகிறது.

விதைக் கம்பெனிகள் இந்தக் குணத்தைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்துகின்றன. பெண் செடியின் மேல் வெள்ளி தயோசல்பேட் கரைசலைத் தெளித்தால், பெண் பூவைப் பூக்கவைக்கும் எத்திலீன் என்ற ஹார்மோன் வேலை செய்வது தடைபட்டு, பெண் செடியே ஆண் பூ பூக்கும். அந்த மகரந்தத்தில் செடியை ஆணாக்கும் ஒய் நிறப்புரி (குரோமோசோம்) கிடையாது. ஆகவே பிறக்கும் விதைகள் ஏறக்குறைய எல்லாமே பெண். கடையில் விற்கும் பெண்விதைகள் இப்படிப் பிறந்தவை. பெண்விதை என்றாலே இருபாலாகும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தொல்லை கொடுத்தும் மாறாத தாய்ச் செடியைத் தெரிந்தெடுத்து, மருந்தால் மட்டும் மாற்றியிருந்தால் விதை ஒழுங்காகவே இருக்கும். தானாக இருபாலான செடியின் மகரந்தத்தில் பிறந்த விதையென்றால், அந்தச் சுபாவமும் சேர்ந்தே வருகிறது.

என் முதல் ஆண்டில் குற்றவாளி நான்தான். பன்னிரண்டு மணி நேரம் ஒளி, பன்னிரண்டு மணி நேரம் இருள் என்பது உள்வளர்ப்பின் பூக்கால விதி. ஒரு மின்தடையில் பழைய டைமர் நின்றுபோய், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அதைக் கவனிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அது போதாதென்று, வீட்டுக்கு வந்த மைத்துனருக்குச் செடியைக் காட்டுவதற்காக இரவு பத்து மணிக்குக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து, கைப்பேசி விளக்கை அடித்தேன். "பெரிதாக வளர்ந்திருக்கிறதே!" என்று மைத்துனர் பாராட்டினார். இரண்டு வாரத்தில் செடியின் பதில் வந்தது.

தொல்லையால் வந்ததா, பரம்பரையா என்று எப்படிப் பிரிப்பது? ஒரே கூடாரத்தில் ஒரே தொல்லையைப் பட்ட நான்கில் ஒன்று மட்டும் மாறி, அதுவும் மேலிருந்து கீழ்வரை கணுவுக்குக் கணு பை வைத்தால், எனக்கு அதன் பரம்பரைமேல்தான் சந்தேகம். கீழ்க்கிளையில் ஓரிரண்டு பை, அல்லது கடைசி வாரங்களில் ஓரிரண்டு வாழைப்பழம் என்றால், அது தொல்லையின் வேலையாக இருக்கலாம். உறுதியாக நிரூபிக்க ஒரு செடி போதாது. ஆனால் முடிவெடுக்க இது போதும்.

ஐந்து வழிகள்

பிடுங்குவது. மனத்துக்குக் கசப்பு, கணக்குக்கு நல்லது. பூக்காலம் தொடங்கி நான்கு வாரத்துக்குள், பல கணுக்களில் பைகள், பக்கத்தில் வேறு பெண் செடிகள் என்ற மூன்றும் சேர்ந்தால் நான் வேறு வழியை யோசிப்பதே இல்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நாள் கிடக்கிறது. இப்போது விழும் மகரந்தத்துக்கு முழு விதையாக முற்ற அந்த நாட்கள் தாராளம். ஒரு ஆண் பூவில் லட்சக்கணக்கான மகரந்தத் துகள்கள் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிடுங்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் செடியை இழுத்துக் குலுக்கி, மற்ற மூன்றின் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனால், தடுக்க நினைத்ததை நாமே செய்து முடித்தவர்கள் ஆவோம். முதலில் விசிறிகளை நிறுத்துங்கள். செடி முழுவதும் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த மகரந்தம் பெரும்பாலும் பயனற்றுப்போகும். பெரிய குப்பைப் பையை மேலிருந்து கவிழ்த்து, அடியில் கட்டி, அதற்குப் பிறகு தண்டை அறுங்கள். வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, சட்டையை மாற்றி, கை கழுவிய பிறகுதான் மற்றச் செடிகளிடம் வர வேண்டும். சட்டையை மாற்றுவது வேடிக்கையாகத் தோன்றும். கறுப்புச் சட்டை போட்டிருந்த ஒரு நாள் என் தோளில் மஞ்சள் பொடியைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அது வேடிக்கையாக இல்லை.

கிள்ளிக் காப்பது. எல்லோருக்கும் பிடித்த வழி, ஏனென்றால் எதையும் இழக்கவில்லை என்ற நினைப்பைத் தருகிறது. கீழ்க்கிளையில் மூன்று நான்கு மூடிய பைகள் மட்டும் என்றால் நியாயமான வழிதான். விசிறியை நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி, இடுக்கியால் காம்போடு எடுத்து, தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் போட வேண்டும். பிறகு தினமும், ஒரு நாளும் விடாமல், கணுக் கணுவாகத் தேட வேண்டும். ஒரு செடிக்கு இருபது நிமிடம் ஆகும். முட்டி மடக்கி உட்கார முடியாதவர்களுக்கு இது வழியே அல்ல.

நான் ஒன்பது நாள் இதைச் செய்தேன். ஒன்பதாம் நாள் ஒன்றும் அகப்படவில்லை, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வார இறுதியில் மொன்றியலில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை வந்து பார்த்தால், பூக்கொத்துக்குள்ளே நான் பார்க்காத ஒரு கிளையிடுக்கில் கொத்தாக விரிந்து காய்ந்துபோயிருந்தது. சில நாட்களில் சுற்றியிருந்த செடிகளில் வெள்ளை முடிகள் பருவத்துக்கு முன்பே பழுப்பாகிச் சுருண்டன. மகரந்தம் விழுந்ததற்கு அதுதான் முதல் அடையாளம். அறுவடையில் விதைகளை எண்ணத் தொடங்கி, நூற்றைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஐந்தாவது வழி தானாக நடந்தது என்றேனே, அது இதுதான்.

ஆகவே கிள்ளுகிறவர்களுக்கு ஒரு கெடு வேண்டும். முதல் கிள்ளலுக்குப் பிறகு மூன்று நாள். அதற்குள் புதிய கணுவில் புதிய பை வந்தால், செடி பேசி முடித்துவிட்டது என்று பொருள்.

தனியே ஒதுக்குவது. கேட்க அழகான யோசனை. கனடிய வீட்டில் பெரும்பாலும் நடக்காது. வீடு முழுவதற்கும் ஒரே வெப்பக் காற்றுக் குழாய். பேஸ்மென்ட் அறையில் இழுக்கும் காற்றை மேல்மாடியில் ஊதுகிறது. கதவை மூடிவிட்டேன் என்று சொல்வதில் பயனில்லை, மகரந்தம் கதவு வழியாகப் போக வேண்டிய தேவையே இல்லை. சரி, நண்பர் வீட்டு கராஜுக்குக் கொண்டுபோகலாமே என்றால், அங்கே சட்டம் நிற்கிறது: மொட்டோ பூவோ விட்ட கஞ்சாச் செடியைப் பொது இடத்தில் வைத்திருக்கவே கூடாது. காரில் ஏற்றித் தெருவில் இறங்கினால் அது குற்றம். நண்பர் வீட்டில் ஏற்கெனவே நான்கு இருந்தால் இது ஐந்தாவதும் ஆகும். வெளிக்காற்றோடு மட்டும் தொடர்புள்ள தனிக் கொட்டகை உங்கள் வளவுக்குள்ளேயே இருந்தால் ஒழிய, இந்த வழியை மறந்துவிடலாம்.

முன்கூட்டியே அறுப்பது. கடைசி இரண்டு வாரத்தில் வாழைப்பழம் எட்டிப்பார்த்தால் எனக்குப் பிடித்த வழி இது. மகரந்தம் விழுந்தாலும் விதை முற்ற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். பத்து நாளில் வருவது வெளிறிய, நசுங்கிய, பாதி உருவான விதைதான். ஆகவே பதற்றமில்லாமல் கண்ணாடியை எடுத்துப் பிசின் தலைகளைப் பாருங்கள். பெரும்பாலும் பால்போல வெண்மையாகிவிட்டால் அந்தச் செடியை அன்றைக்கே அறுக்கலாம். ஒரு வாரம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கொஞ்ச எடைதான் இழப்பு. தண்ணீர்போலத் தெளிவாகவே இருந்தால் வாழைப்பழங்களைக் கிள்ளிக்கொண்டே சில நாள் தள்ளலாம். தள்ளுவது என்றால் ஒவ்வொரு காலையும் பார்ப்பது என்று அர்த்தம்; மேலே சொன்ன கல்யாணக் கதை இங்கும் பொருந்தும்.

விட்டுவிடுவது. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களிடம் இருப்பதே ஒரு செடிதான் என்றால் காப்பாற்றுவதற்கு வேறு பெண் செடி இல்லை. விதையோடு வரும் பூ நஞ்சல்ல. கரகரப்பு, கொஞ்சம் பலக்குறைவு, விதை பொறுக்கும் சலிப்பு, அவ்வளவுதான். நான்கிலும் ஏற்கெனவே மகரந்தம் விழுந்து மூன்று வாரம் ஆகிவிட்டதென்றாலும் ஒன்றைப் பிடுங்கிப் பயனில்லை. பூவை வெண்ணெயில் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளலாம். பியூட்டேன் போன்ற கரைப்பான் வைத்து எண்ணெய் எடுக்க வீட்டில் சட்டம் அனுமதிக்கவில்லை, வீடும் தாங்காது. ஆனால் கொல்லையில் வளர்ப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். இது காற்றால் மகரந்தம் பரப்பும் செடி, கிலோமீட்டர் கணக்கில் போகும். அடுத்த வளவில் இன்னொருவரும் நான்கு வைத்திருக்கலாம். நம் சோம்பல் அவருடைய விதை.

ஆக, இந்த ஐந்தில் எது என்று கேட்கும்போது இருபாலான செடியையே பார்த்துக்கொண்டிருந்தால் தவறான பதிலுக்குத்தான் வருவோம். மற்ற மூன்றைப் பார்க்க வேண்டும். அவை எத்தனையாவது வாரத்தில் இருக்கின்றன, அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனவா, வந்திருப்பது மூடிய பையா திறந்த குழலா. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், ஐந்து வழியில் மூன்று தானாகவே விழுந்துவிடும்.

பிராம்ப்டன் செடி

தம்பியின் செடிகள் கொல்லையில் நின்றவை. தென் ஒன்டாரியோவில் ஆகஸ்டு நடுவில் பகல் பதினான்கு மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்; அப்போதுதான் வெளிச்செடிகள் பூக்கத் தொடங்கும். படம் வந்த நாளில் அவன் செடிகளுக்கு ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அறுவடைக்கு இன்னும் நான்கு வாரமாவது வேண்டும். மாலையில் நேரே போய்ப் பார்த்தேன். கீழ்க்கணுக்கள் மூன்றில் மட்டும் பைகள், எல்லாம் மூடியவை. அந்தச் செடி கராஜ் சுவரோடு நின்றது. ஆள் நடந்தால் எரியும் விளக்கு நேரே அதன்மேல் அடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை இரவெல்லாம் அந்த வழியில்தான் உலாவுமாம்.

விளக்கின் மேல் குற்றம் சாட்டலாம். அதனால் கெடு கொடுத்தோம். விளக்கைக் கழற்றினான், பைகளைக் கிள்ளினான், நானும் கூட நின்றேன். இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மாலை, நடுத்தண்டில் இரண்டு கணுக்களில் புதிய உருண்டைகள் வந்தன. அவன் என்னைக் கேட்கவில்லை. தண்ணீர் தெளித்து, பை கவிழ்த்து, அறுத்துவிட்டு, வெற்றுத் தொட்டியின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தான்.

மற்ற மூன்றை அக்டோபர் இரண்டாம் வாரத்தில், முதல் உறைபனிக்கு முன்பு அறுத்தான். காயவைத்து உதிர்க்கும்போது ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் வரிக்குதிரைக் கோடு போட்ட பழுப்பு விதைகள், மூன்றே மூன்று. எந்தப் பையோ எங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

"அண்ணா, அடுத்த வருடம் இதை நடலாமா? காசு மிச்சம்."

நடாதே என்றேன். பெரும்பாலும் பெண்ணாகத்தான் முளைக்கும், அதுவே இதிலுள்ள ஏமாற்று. கெடு கொடுத்தும் திருந்தாத செடியின் மகரந்தம் அது. நான்கு இடத்தில் ஒன்றை அதற்குக் கொடுப்பது நட்டம்.

பிறகு எதை நடுவது என்று அரை மணி நேரம் பேசினோம். சாதாரண விதையில் பாதி ஆணாக வரும். நான்கு செடி விதியில் அது பெரிய வீண், முன்பூ வரும்வரை பாதி இடத்தை ஆணுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பெண்விதை அந்தச் சிக்கலைத் தீர்க்கும், நல்ல இடத்தில் வாங்கினால். தானே பூக்கும் வகைக்குப் பகல் நீளம் பொருட்டல்ல; கராஜ் விளக்கு போன்ற ஒளித் தொல்லை அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் முழு ஆயுளே மூன்று மாதத்துக்குள், ஒரு தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் தராது. தாய்ச் செடியின் கிளையை வெட்டி வேர்விட வைத்த பதியன் கன்றுதான் எனக்குப் பிடித்தது: தாய் இரண்டு மூன்று பருவம் மாறாமல் பூத்திருந்தால் கன்றும் அப்படியே. பூக்காத கன்றைப் பெரியவர்கள் தங்களுக்குள் இலவசமாகக் கொடுக்கவும் தடையில்லை. ஆனால் கன்றோடு சிலந்திப்பேனும் வரலாம், இரண்டு வாரம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் இரண்டு பெண்விதை, என்னிடமிருந்து இரண்டு கன்று என்று முடிவானது. கராஜ் விளக்கை அவன் இன்னும் மாட்டவில்லை. இரவில் கார் நிறுத்தும்போது தட்டுத் தடுமாற வேண்டியிருக்கிறது என்று அவன் மனைவி என்னிடம் முறையிட்டாள்.